பெயிண்ட் வாடையும் குப்பை உரமும்

(தேவிகாபுரத்தில் நடந்த நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்தும் நம் ஊர்ப் பெண் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டபோது "பெண்களும் அறிவியலும்" என்று ஏதாவது பேசும்மா, இருபது நிமிஷம் போதும் என்றுதான் சொன்னாங்க. நானும் சரி என்று எழுதி வைத்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். காரணம் உங்களுக்கெல்லாம் தெரியும். போன மாதக் கூட்டத்தில் ஒரு கடன் மனு வந்தது. பெயிண்ட் அடிக்கிற ஷெட் போட ஒன்றரை லட்சம். கம்ப்ரஸர், ஸ்பிரே கன், தகர ஷெட், கரண்ட் இணைப்பு. கிரில் கேட், பீரோ, டிராக்டர் டிப்பருக்கு எல்லாம் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிற தொழில். அந்த மனுவை வைத்து நடந்த சண்டை தெருக்கோடி வரைக்கும் கேட்டதாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மறைத்துப் பேசினால் தப்பாகிவிடும். அந்த மனு என் அண்ணியுடையது. ஷெட் போடப் போகிறவர் என் கூடப்பிறந்த அண்ணன். அதனால் நான் சொல்லுவதைக் கொஞ்சம் சந்தேகத்தோடவே கேளுங்க. நான் கணக்கு சொல்லும்போது யாராவது செல்போனில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்க.

எங்கள் அண்ணன் பதினாறு வயசில் தறிக்குழியில் இறங்கியவர். நைனாவுக்குப் பக்கத்துத் தறி அவருக்கு. பிறகு கூலி கட்டுப்படியாகவில்லை என்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனார். வண்டிக்குப் பாகம் செய்து கொடுக்கிற ஒரு கம்பெனியில் பெயிண்ட் பூத்தில் வேலை. பெயர் வேண்டாம். பதினோரு வருஷம். வீட்டுக்கு வரும்போது சட்டையில் இருந்து ஒரு இனிப்பு வாடை வரும். எங்கள் ஆயா அதை "உங்கண்ணன் கம்பெனி சென்ட்டு" என்று சொல்லுவாங்க. நாங்களும் சிரிப்போம். அது சென்ட் இல்லை, தின்னர். டொலுவீன், சைலீன், அசிட்டோன், பியூட்டைல் அசிடேட் என்று நாலைந்து கரைப்பான் கலந்த சரக்கு. அதைப் பாடமாக நடத்துகிற எனக்கே, அது என் வீட்டுக் கொடியில் காய்கிற சட்டையில் இருக்கிறது என்று உறைக்க மூணு வருஷம் ஆச்சு.

அண்ணனுக்கு என்ன ஆனது என்று இங்கே விவரமாகச் சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. இவ்வளவு மட்டும் சொல்லச் சொன்னார்: காலையில் தலைவலி, சாயங்காலம் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருக்காது. டாக்டர் வேலையை விடச் சொன்னார், விட்டுவிட்டு வந்தார். வந்தவருக்கு மறுபடியும் தறி பிடிக்கவில்லை. கையில் இருக்கிற தொழில் பெயிண்ட். அதைத்தானே செய்வார்?

சரி, சண்டைக்கு வருவோம். மனுவை எதிர்த்தவர்கள் சொன்னது இரண்டு காரணம். ஒன்று, ஷெட் போடுகிற இடம் அங்கன்வாடி சுவரை ஒட்டி. இரண்டாவது, அந்தத் தெருவில்தான் காலையில் பாவு நீட்டுகிறோம். ஸ்பிரே பொட்டு ஒன்று பட்டுப் பாவில் உட்கார்ந்தால் அந்தச் சேலை போச்சு. கூலியில் பிடித்தம், சில சமயம் பாவுக்கே பொறுப்பு. இதைச் சொன்ன சின்னம்மா மேல் எங்கள் அண்ணிக்கு இன்னும் கோபம். ஆனால் சின்னம்மா சொன்னது சரிதான் அண்ணி. இதை மேடையில் சொல்லுகிறேன் என்று மன்னிச்சுக்குங்க.

அந்தக் கூட்டத்தில்தான் யாரோ ஒரு தங்கச்சி எழுந்து, "கிருமி விட்டுக் காத்தைச் சுத்தம் பண்ணலாம்னு செல்போன்ல பார்த்தேன், அதை வெச்சா ஷெட் போடலாமே" என்று கேட்டதாம். எல்லாரும் சிரித்தார்களாம். சிரிக்க வேண்டியதில்லை. அந்தத் தங்கச்சி கேட்டது நிஜமான விஷயம். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

நம்மில் நெல் வைக்கிறவர்கள் கை தூக்குங்க. சூடோமோனாஸ் பவுடர் விதைநேர்த்திக்குப் போடுகிறீர்களா? போடுகிறோம். குலைநோய்க்கு, வேர் அழுகலுக்கு என்று வேளாண்மைத் துறையில் வாங்கிக் கலக்குகிறோம். அந்தப் பாக்கெட்டில் இருப்பது சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்கிற பாக்டீரியா. அதற்கு ஒரு பங்காளி இருக்கிறான், சூடோமோனாஸ் புட்டிடா. அதுவும் மண்ணில், சாதாரணமாக வாழ்கிற ஜீவன்தான். அதில் சில வகைகள் டொலுவீனைத் தின்னும். தின்னும் என்றால் நிஜமாகவே சாப்பாடாக. நாம் சோற்றில் இருக்கிற கரியை எரித்துத் தெம்பு எடுத்து, மூச்சில் கரியமிலவாயு விடுகிறோம் இல்லையா? அது டொலுவீனில் இருக்கிற கரியை எரித்து அதேபோல் கரியமிலவாயுவும் தண்ணீருமாக விட்டுவிடும். வாடை போய்விடும்.

இந்தக் குடும்பத்து பாக்டீரியாவை வைத்துப் பெரிய பெயர் எடுத்தவர் நம் நாட்டில் பிறந்தவர். மேற்கு வங்காளத்துக்காரர், ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. அமெரிக்காவில் வேலை பார்த்தபோது, கச்சா எண்ணெயைச் சிதைக்கிற சூடோமோனாஸ் ஒன்றை உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்கு காப்புரிமை கொடுக்கலாமா என்று வழக்கு நடந்து, 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஒரு பக்கம், நாலு பேர் இன்னொரு பக்கம். அந்தத் தீர்ப்பு நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் விவாதம் இருக்கிறது. விதை விஷயத்தில் எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. அது வேறு கதை.

தண்ணீர் விஷயத்தில் கிருமியின் வேலை நமக்குப் பழக்கம்தான். பாலாற்றுப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் என்ன ஆனது என்று வேலூர் பக்கம் பெண் கொடுத்தவர்களுக்குத் தெரியும். 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கழிவுநீரைச் சுத்தம் பண்ணாமல் விடக்கூடாது, மாசு செய்தவரே அதற்குச் செலவு செய்யவேண்டும் என்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பெரிய தொட்டியில் காற்றை ஊதி, கொப்பளிக்க விடுகிறார்களே, அங்கே வேலை செய்வது பாதிக்குமேல் கிருமிதான். தண்ணீருக்குச் செய்வதைக் காற்றுக்கும் செய்யலாம் என்பதுதான் இந்த விஷயத்தின் சாரம். காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் அதற்கு யாரும் கேஸ் போட அவசரப்படுவதில்லை.

செய்முறை ரொம்ப எளிது. ஒரு தொட்டி கட்டுகிறோம். அடியில் ஓட்டைக் குழாய்கள், அதன் மேல் ஜல்லி. அதற்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு மக்கிய உரம். நம் குப்பைக்குழி உரம் மாதிரிதான், ஆனால் தனி உரமாகப் போட்டால் படிந்து கட்டியாகிவிடும். அதனால் மரச்சிராய், தேங்காய் மட்டைத் துண்டு, கரும்புச் சக்கை மாதிரி ஏதாவது கலந்து உதிரியாக வைக்கிறோம். பெயிண்ட் அடித்த காற்றை ஃபேன் வைத்து இழுத்து, முதலில் தண்ணீர்ச் சாரலில் நனைத்து, அடிக் குழாய் வழியாக விடுகிறோம். காற்று உரத்தின் இடுக்கு வழியாக மேலே ஏறுகிறது. உரத் துகள் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிசாக ஈரம் இருக்கும். அந்த ஈரத்தில் கிருமி பாசி போல ஒட்டிக்கொண்டிருக்கும். தின்னர் ஆவி முதலில் அந்த ஈரத்தில் கரையும், பிறகு கிருமி வாய்க்குப் போகும். மேலே வருகிற காற்றில் மண் வாசனைதான் இருக்கும். இதற்குப் பெயர் உயிர்வடிகட்டி.

ஏன் நனைத்து விடுகிறோம் தெரியுமா? காய்ந்த காற்று விட்டால் இரண்டு நாளில் உரம் வறண்டு வெடித்துவிடும். சித்திரை மாசத்து ஏரி மாதிரி. வெடித்தால் காற்று வெடிப்பு வழியாகவே குறுக்குவழியில் போய்விடும், கிருமிக்கு வேலையே இருக்காது. உரத்தின் எடையில் பாதியளவு ஈரம் எப்போதும் இருக்க வேணும். கையில் பிடித்து இறுக்கினால் உருண்டை பிடிக்கணும், தண்ணீர் சொட்டக்கூடாது. புட்டு மாவுப் பதம். கொதிக்கிற காற்றும் விடக்கூடாது, நாற்பது டிகிரிக்குள் இருக்கணும். வெள்ளைக்கார நாட்டில் குளிர்காலத்தில் இதற்குச் சூடேற்றவேண்டியிருக்கும். நமக்கு அந்தச் செலவு இல்லை. வெயிலுக்கு மேலே ஒரு கீற்றுக் கொட்டகை போதும்.

இது நேற்று முளைத்ததும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் லாங் பீச் என்ற ஊரில் 1950-களிலேயே சாக்கடை நாற்றத்தை மண் படுக்கை வழியாக விட்டு அடக்கினார்கள். ரிச்சர்ட் பொமராய் என்பவர் 1957-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு ஜெர்மனியும் நெதர்லாந்தும் கையில் எடுத்தன. நெதர்லாந்தில் ஓட்டன்கிராஃப் என்பவரும் அவர் சகாவும் 1983-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் அவர்கள் உரப் படுக்கைக்குக் கொடுத்துப் பார்த்தது டொலுவீன், எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட், பியூட்டனால். நம் அண்ணன் வைத்திருக்கிற தின்னர் டப்பாவைப் பிரித்து வைத்த மாதிரிதான்.

நம் பக்கத்தில் யாராவது செய்தார்களா என்றால், செய்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் வேதிப் பொறியியல் துறையில் எல்டன் ரெனே, டி.வி.எஸ். மூர்த்தி, டி. சுவாமிநாதன் ஆகியோர் உரம் நிரப்பிய வடிகட்டியில் டொலுவீன் ஆவியை விட்டுச் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் கரும்புச் சக்கையும் உரமும் கரித்தூளும் கலந்து, பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நாலையும் ஒன்றாக விட்டுப் பார்த்தார்கள். அது 2007-ல் வந்தது. கரும்புச் சக்கையும் குப்பை உரமும்! போளூர் பக்கம் இதற்கா பஞ்சம்? இந்தக் கட்டுரையை முதல்முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணன் ஷெட்டுக்கு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் கணக்குப் போட்டேன். இதுதான் முக்கியமான இடம், செல்போனை எடுங்க.

உரப் படுக்கையில் காற்று ஒரு நிமிஷமாவது தங்க வேணும் என்று வைத்துக்கொள்வோம். அரை நிமிஷத்தில் முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் சைலீன் மெதுவாகத்தான் கரையும், அதனால் ஒரு நிமிஷம். நம் அண்ணன் ஷெட்டில் ஒரு நடுத்தரமான எக்ஸாஸ்ட் ஃபேன், மணிக்கு 3,000 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும் என்போம். அப்படியானால் நிமிஷத்துக்கு 50 கன மீட்டர். அது ஒரு நிமிஷம் தங்க 50 கன மீட்டர் உரம். ஒரு மீட்டர் உயரம் என்றால் 50 சதுர மீட்டர் இடம். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர் சொச்சம். ஆக ஒன்றேகால் சென்ட் நிலம் உரத்துக்கு மட்டும். உரம் எவ்வளவு? மணல் வாங்குகிற கணக்கில் சொன்னால் 100 கன அடி ஒரு யூனிட். கிட்டத்தட்ட 18 யூனிட். ஷெட்டே ஒரு சென்ட்டில்தான் போடுகிறார்!

"டிரம்முல போட்டா?" என்று அண்ணன் கேட்டார். நம் வீடுகளில் தண்ணீர் பிடிக்கிற 200 லிட்டர் டிரம்மில் 150 லிட்டர் உரம் போடலாம். அது நிமிஷத்துக்கு 150 லிட்டர் காற்றைத்தான் பார்த்துக்கொள்ளும். ஃபேன் தள்ளுவது நிமிஷத்துக்கு 50,000 லிட்டர். வகுத்துப் பாருங்க. 333 டிரம். நம் கூட்டமைப்பில் உள்ள எல்லா வீட்டு டிரம்மையும் கொண்டு வந்தாலும் பத்தாது. யூடியூபில் ஒரு டிரம்மை வைத்துக்கொண்டு ஷெட்டுக் காற்று முழுக்கச் சுத்தம் ஆகிறது என்று யாராவது காட்டினால் இந்தக் கணக்கைக் கேளுங்க.

இன்னும் இருக்கிறது. கிருமி எதைத் தின்னாது என்பதையும் சொல்லணும். ஸ்பிரே பண்ணும்போது பறக்கிற பெயிண்ட் புகை இருக்கிறதே, அது ஆவி இல்லை, துகள். சின்னம்மா பயப்படுகிற பொட்டு அதுதான். அது உரத்தின் இடுக்கை அடைத்துவிடும், கிருமி அதைத் தொடாது. அதை முன்னாலேயே தண்ணீர்த் திரையிலோ பஞ்சு வடிகட்டியிலோ பிடிக்கணும். பெரிய கம்பெனிகளில் பூத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுவது அதற்குத்தான். அப்புறம், கார் பளபளப்புக்கு இரண்டு டப்பா கலந்து அடிக்கிற பி.யு. பெயிண்ட். அதில் ஹார்ட்னர் டப்பாவில் ஐசோசயனேட் என்ற சரக்கு இருக்கும். போபாலில் 1984-ல் கசிந்ததும் ஐசோசயனேட் குடும்பம்தான்; இது வேறு வகை, அந்த அளவு விஷவாயு இல்லை. ஆனால் இதை மூச்சில் இழுத்து ஆஸ்துமா வந்த ஸ்பிரே பெயிண்டர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒருமுறை உடம்பு அதற்கு ஒத்துக்காமல் போய்விட்டால் பிறகு துளியூண்டு பட்டாலும் இழுப்பு வரும். அண்ணன் சத்தியம் பண்ணியிருக்கிறார், பி.யு. எடுக்கமாட்டேன் என்று. மனுவில் அதையும் எழுதி வாங்குங்க. சத்தியத்தை விட எழுத்து நல்லது, குழு நடத்துகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிருமிக்கும் நாக்கு உண்டு என்பது இன்னொரு சங்கதி. தின்னர் கலவையில் அசிட்டோன், அசிடேட் எல்லாம் தண்ணீரில் சுலபமாகக் கரையும், சுலபமாகச் செரிக்கும். அதை முதலில் தின்றுவிட்டு டொலுவீன், சைலீனைக் கடைசியில் வைக்கும். பந்தியில் பாயசத்தை முதலில் குடித்துவிட்டு சோற்றைத் தள்ளி வைக்கிற பிள்ளைகள் மாதிரி. நமக்குக் கேடு செய்கிற சரக்குத்தான் கடைசியில் மிஞ்சும்.

அப்படியானால் இந்த வித்தை யாருக்கு? பெரிய கம்பெனிக்கு. அங்கே பூத்தில் இருந்து வருகிற காற்று ரொம்ப அதிகம், அதில் கரைப்பான் ரொம்ப நீர்த்துப் போய் இருக்கும். அதை எரித்து அழிக்கலாம், பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். 800 டிகிரி அளவுக்குச் சூடாக்கி ஆவியை எரித்துவிடுவார்கள். நீர்த்த காற்றை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோக எரிவாயு செலவு இருக்கிறது பாருங்க. உரப் படுக்கைக்கு எரிவாயு வேண்டாம், ஃபேனும் தண்ணீரும்தான். இடம்தான் வேணும். மணிக்கு ஒரு லட்சம் கன மீட்டர் காற்று விடுகிற பூத் என்றால், அதே கணக்கில் சுமார் 41 சென்ட். அரை ஏக்கருக்கும் குறைச்சல். இரண்டு அடுக்காகக் கட்டினால் அதிலும் பாதி. ஏக்கர் ஏக்கராகச் சிப்காட்டில் இடம் வாங்கி, பாதியைப் புல்வெளியாக வைத்திருக்கிறவர்களுக்கு அது பெரிய இடமா?

பெயிண்ட் பூத் மூன்று ஷிப்டும் ஓடாது என்றால் கிருமிக்கு ராத்திரி பட்டினி. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். படுக்கைக்கு முன்னால் கரி நிரப்பிய ஒரு உருளை. பகலில் ஆவி அதிகமாக வரும்போது கரி பிடித்து வைத்துக்கொள்ளும். ராத்திரி வெறும் காற்று போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். நல்ல மாசம் சேமிப்பில் போட்டு, ஆடி மாசம் எடுத்துச் செலவு பண்ணுகிறோமே, அந்தக் கணக்குத்தான். கம்பெனிப் பொறியாளர்கள் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நான் என் மாணவிகளுக்கு உண்டியல் என்றே சொல்லிக் கொடுக்கிறேன், பரீட்சையில் யாரும் மறப்பதில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் செய்யாறு சிப்காட்டுக்கும் ஒரகடத்துக்கும் பஸ் ஏறுகிறார்கள். பெயிண்ட் மட்டும் இல்லை, ஷூ கம்பெனியில் பசை ஒட்டுகிற இடத்திலும் இதே மாதிரி கரைப்பான் உண்டு. தொழிற்சாலைகள் சட்டம் 1948-ல் ஓர் அட்டவணை இருந்தது. எட்டு மணி நேர வேலையில் டொலுவீன் சராசரி 100 பி.பி.எம்.-க்கு மேல் போகக்கூடாது என்று அதில் இருந்தது. அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு. வெளிநாட்டு வல்லுநர் குழுக்கள் இருபதே போதும், அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. உங்கள் பெண் வேலை செய்கிற இடத்தில் எத்தனை என்று எப்போதாவது அளந்தார்களா, அளந்ததைச் சுவரில் ஒட்டினார்களா என்று கேளுங்க. மூக்குக்கு வாடை பழகிப்போய்விடும், அதனால் மூக்கை நம்பக்கூடாது. எங்கள் அண்ணன் இருந்த இடத்தில் நல்ல மாஸ்க் வெளியாட்கள் சோதனைக்கு வருகிற அன்றைக்கு மட்டும் வரும். மற்ற நாளில் கைக்குட்டை. கைக்குட்டை ஆவியை ஒன்றும் செய்யாது. கொரோனாவுக்குப் போட்டோமே, அந்த மாஸ்க்கும் துகளைத்தான் பிடிக்கும். ஆவிக்குக் கரி நிரப்பிய டப்பா வைத்த மாஸ்க் வேணும், அந்த டப்பாவையும் குறித்த நாளில் மாற்றணும்.

இனி மனுவுக்கு வருகிறேன். என் கருத்து இது, முடிவு உங்களுடையது.

அங்கன்வாடி பக்கம் வேண்டவே வேண்டாம். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ஊருக்கு வெளியே, வீடும் தறியும் இல்லாத பக்கமாக வாடகைக்கு ஓர் இடம் பார்த்திருக்கிறார். வாடகை கூடும், அதனால் கடன் தவணையை மாற்றி எழுத வேண்டியிருக்கும். கிரில் கேட்டுக்கு ஸ்பிரே எதற்கு? பாதிக்குமேல் சரக்கு கம்பியில் படாமல் காற்றில் போகிறது. பிரஷ்ஷில் அடிக்கலாம், தொட்டியில் முக்கி எடுக்கலாம். தண்ணீரில் கலக்கிற எனாமல் இப்போது கடையில் கிடைக்கிறது. காய நேரம் பிடிக்கும், மழைக்காலத்தில் தொல்லை, ஆனால் தின்னர் வேண்டாம். தொழில் வளர்ந்தால் பவுடர் கோட்டிங். அதில் கரைப்பானே கிடையாது, பவுடரைக் கரண்ட்டில் ஒட்ட வைத்து 180, 200 டிகிரி அடுப்பில் உருக்குகிறார்கள். அந்த அடுப்பு வாங்க ஒரு மனு பத்தாது, நாலைந்து குழு சேர்ந்தால்தான் முடியும். அதை இப்போது பேசவில்லை.

பெயிண்ட் டப்பா வாங்கும்போதும் ஒன்று பாருங்க. வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் விதி போட்டார்கள், 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வீட்டு பெயிண்டுக்கு மட்டும்தான், தொழிற்சாலை பெயிண்டுக்கு இல்லை. அண்ணன் மலிவாகக் கிடைக்கிறது என்று தொழிற்சாலை டப்பா வாங்கி அங்கன்வாடி கேட்டுக்கு அடித்துவிடக் கூடாது.

உரப் படுக்கையை முழுக்க விட்டுவிடவில்லை. என் மாணவிகள் இரண்டு பேர் ஒரே ஒரு டிரம் வைத்துச் சோதனை செய்யக் கேட்டிருக்கிறார்கள். ஊராட்சி மண்புழு உரக் கூடத்து உரமும் கரும்புச் சக்கையும். பிரஷ் கழுவுகிற தின்னர் வைக்கிற சின்ன மூடிய பெட்டி ஒன்று, அதில் இருந்து வருகிற கொஞ்சக் காற்று மட்டும். அதற்கு ஒரு டிரம் போதும். அதற்குக் கூட்டமைப்புப் பணம் ஒரு ரூபாய் வேண்டாம்.

இங்கே வருவதற்கு முன்னால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஓர் ஆயா என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. "தீபத்துக்கு நாலு நாளு கடையை மூடிட்டு மலைக்குப் போயிடுவாங்களே, அந்தப் பூச்சிங்க செத்துப் போயிடாதா?" சாகாது ஆயா. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் நாலு நாள் பட்டினியைத் தாங்கும். உரத்திலேயே கொஞ்சம் தீனி இருக்கிறது. திரும்பி வந்து முதல் நாள் கொஞ்சம் மந்தமாக இருக்கும், நாம் திருவிழா முடிந்து தறியில் உட்காருகிற மாதிரி. மாசக்கணக்கில் மூடினால் மறுபடியும் பழக்க வேண்டியதுதான்.

ஆயா இரண்டாவதாக ஒன்று கேட்டாங்க. "பெயிண்ட்டையே தின்னுற பூச்சி நம்ம பட்டைத் தின்னாம விடுமா?" நான் முதலில் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தேன். குப்பைக்குழியில் இருக்கிற அதே கூட்டம்தான், ஓடி வந்து தறியில் ஏறாது. ஆனால் உரம் காய்ந்து தூசி பறந்தால் அதோடு பூஞ்சை விதையும் பறக்கும். ஈரமான இடத்தில் வைத்த பட்டில் பூஞ்சை பிடிப்பது உங்களுக்கே தெரியும். டொலுவீன் தின்னுகிறவற்றில் கறுப்புப் பூஞ்சை வகையும் உண்டு. அவற்றில் சில, உடம்பு பலவீனமானவர்களுக்கு நோய் தரக்கூடியவை. அதனால் டிரம் பாவு நீட்டுகிற தெருவில் இருக்காது, அதைக் கிளறுகிறவர்கள் கையுறையும் மாஸ்க்கும் போட்டுத்தான் கிளறுவார்கள். ஆயா தலையை ஆட்டி, "அப்ப சரி, ஆனா மொதல்ல எங்க வீட்டுப் பக்கம் காத்து எந்தத் திசையில அடிக்குதுன்னு பார்த்துட்டு வை" என்றாங்க. வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் அந்த வாடகை இடத்தில் ஒரு கம்பில் துணி கட்டிப் பார்க்கப் போகிறோம். சின்னம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்காங்க.